மஃரிபுக்குப் பிறகு கரண்ட் வரும்

சனிக்கிழமை, பொழுது சாயும் நேரத்து மஃரிப் பாங்கு சொன்ன கையோடு அரசாங்கக் கரண்ட் வரும் என்று ஐன் தில்பே ஊர் முழுக்க ஒரே பேச்சாகக் கிடந்தது. கடைசியாகக் கரண்ட் வந்து நாலைந்து நாளாகிவிட்டது. காசுக்குக் கரண்ட் தரும் ஜெனரேட்டர்காரனும் டீசல் இல்லை என்று கையை விரித்துவிட்டான். கிணற்று மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. குளிர்காலத்துக்கு எண்ணெயில் ஊறப்போட வாங்கிய கத்தரிக்காயைக் கழுவக்கூடத் தண்ணீரில்லாமல், பெண்கள் மந்திரிகளைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹியாமின் வீட்டில் கவலை வேறு மாதிரியானது. அவள் அப்பா தவ்ஃபீக்குக்கு நுரையீரல் பழுதாகி இரண்டு வருடம். மூக்கில் குழாய் இல்லாமல் அவரால் கட்டிலை விட்டு எழுந்து ஜன்னல் வரை போக முடியாது. ஆக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு சிலிண்டர். வீட்டிலிருந்த கடைசி சிலிண்டரை அன்று காலையில் அண்ணன் நிஸார் மாட்டினான்.

"இது பொழுது சாயற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் மெஷின்தான்," என்றான் திருகாணியை முறுக்கிக்கொண்டே.

"கரண்ட் வரலேன்னா?" என்று கேட்டாள் ஹியாம்.

"வரும். ஃபாயஸ் அடிச்சுச் சொல்லிருக்கான்."

ஃபாயஸ் அவர்களுடைய அத்தை மகன். கீழே டவுனில் இருக்கும் மின்நிலையத்தில் வேலை. எந்த ஊருக்கு எப்போது கரண்ட் என்று பெய்ரூத்திலிருந்து வரும் உத்தரவுப்படி சுவிட்சைப் போடுவதும் எடுப்பதும் அவன் கையால் நடப்பது. அதனாலேயே ஊரில் அவனுக்குக் கல்யாணத்துக்கு ஆயிரம் அழைப்பு, கரண்ட் போனால் ஆயிரம் வசவு.

ஹியாம் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அப்பா குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு கேட்டார். "இன்னிக்கு உன் கொக்கைப் பார்க்க எத்தனை கார் வருது?"

"கொக்கு இல்லே பாபா, நாரை."

"ரெண்டுக்கும் கால் நீளம்தானே? உங்கம்மாவுக்கும் கால் நீளம். நான் என்ன பேரு கேட்டுட்டா கட்டிக்கிட்டேன்?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாய் மாறியது. நிஸார் குழாயைத் திரும்ப மூக்கில் பொருத்திவிட்டு, "போ, போ. நீ நின்னா இவர் பேசிக்கிட்டே இருப்பார்," என்று அவளை விரட்டினான்.

ஹியாமுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தவள். ஊருக்குக் கீழே இருக்கும் நாணல் சதுப்பில் இனி யாரும் துப்பாக்கி தூக்கக் கூடாது என்று ஊர்க்காரர்களே கூடி முடிவெடுத்து அதைச் சரணாலயமாக்கியபோது, பார்க்க வருகிற குடும்பங்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் விட்டார்கள். வசந்தத்தில் பூ, தவளை. கோடையில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இலையுதிர் காலம்தான் அவளுக்குத் திருவிழா. வடக்கே குளிர் தொடங்கியதும் பறவைகள் எல்லாம் மலைத்தொடரை ஒட்டித் தெற்கே போகும். அந்த மாதம் முழுக்க சனிக்கிழமை தோறும் குடும்ப நாள் நடத்துவாள்.

அன்றைக்குப் பெய்ரூத்திலிருந்தும் ஸஹ்லேயிலிருந்தும் இருபது குடும்பத்துக்கு மேல் வந்திருந்தார்கள். காலையில் குழந்தைகளை நீள மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஆந்தை கக்கிப்போட்ட உருண்டைகளைக் குச்சியால் பிரிக்க வைத்தாள். உள்ளே எலியின் தாடை எலும்பு கிடைத்தபோது ஒருவன் கத்திய கத்தலில் அவன் அம்மா ஓடிவந்தாள். மத்தியானம் வெட்டவெளியில் செம்புக் கொப்பரைகளில் திராட்சைப் பாகு காய்ச்சினார்கள். கரைமேட்டில் கருவாலி மரக் கொட்டைகளை நட்டார்கள். எல்லாவற்றையும் நட்டு முடித்துவிட்டு எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்: நாரை எப்போது வரும்?

போன சனிக்கிழமையும் அதற்கு முந்தின சனிக்கிழமையும் ஒரு நாரைகூட வரவில்லை. வந்தவர்கள் முகம் தொங்கத் திரும்பினார்கள்.

"இன்னிக்கும் வரலேன்னா, நான் சிவப்பு சாக்ஸ் போட்டுக்கிட்டு ஒத்தைக் கால்லே நிக்கறேன்," என்றான் தியாப். அவன் சரணாலயக் காவலாளி. முன்னாளில் ஊரிலேயே பெரிய வேட்டைக்காரன். "தூரத்துலேர்ந்து பார்த்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"உன் தொப்பைக்கு அது பெலிக்கன்னு சொல்லிடுவாங்க," என்றாள் ஹியாம்.

பக்கத்தில் நின்றிருந்த சிறுமி இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பேர் ஜூரி. பெய்ரூத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மைஸூன் என்பவளின் மகள். எட்டு வயதுக் கழுத்தில் பெரியவர்களுடைய பைனாகுலரை மாட்டிக்கொண்டு, அது வயிற்றில் இடிக்க இடிக்க ஹியாமின் பின்னாலேயே திரிந்தாள். கேள்வி கேட்டு மாளவில்லை. நாரைக்குத் தூக்கத்தில் கால் வலிக்காதா? மழை வந்தால் எங்கே ஒதுங்கும்? வழி மறந்து போனால் யாரைக் கேட்கும்?

"இவ கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருந்தா ராத்திரி இங்கேயே தங்க வேண்டியதுதான், சொல்லிட்டேன்," என்றாள் மைஸூன்.

"கேக்கட்டும் விடுங்க. எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமா என்ன?" என்றாள் ஹியாம்.

எல்லோரையும் நாணல் ஓரத்துப் பரணில் ஏற்றும் முன் ஒரே ஒரு விதி சொன்னாள். சத்தம் கூடாது. கைதட்டல் கூடாது. ஓடக் கூடாது. பறவைகள் நம் வீட்டுக்கு வருகிற களைத்துப்போன விருந்தாளிகள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மலைமேல் மேகம் திரண்டது. கொஞ்ச நேரத்தில் உச்சி மறைந்தது. அந்த வருடத்தின் முதல் மழை, புழுதி வாசனையைக் கிளப்பிக்கொண்டு சமவெளிக்கு இறங்கியது. குழந்தைகளைக் கூரைக்கடியில் தள்ளிக்கொண்டு ஹியாம் வானத்தைப் பார்த்தாள். வெயில் இல்லாமல் போனால் சூடான காற்று மேலே எழும்பாது. அந்தக் காற்றில்தான் நாரைகள் சிறகடிக்காமல் மிதந்து போகும். அது இல்லாவிட்டால் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே இறங்கியாக வேண்டும்.

முதலில் பார்த்தது ஜூரிதான். "அங்கே! அங்கே!" என்று கத்திவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேகத்தின் அடிவயிற்றிலிருந்து அவை வந்தன. பத்து, ஐம்பது, பிறகு எண்ண முடியவில்லை. நனைந்து கனத்த சிறகுகளோடு, நீண்ட சிவப்புக் கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் சதுப்பைச் சுற்றிச் சுற்றி இறங்கின. பரணில் யாரும் மூச்சுவிடவில்லை. ஒரு அப்பா தோளில் இருந்த குழந்தையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தியாப் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

ஹியாமுக்கும் கண் நிறைந்தது. ஆறு வருடமாய் நடத்துகிறாள். குடும்ப நாள் அன்று இப்படி ஒரு கூட்டம் இறங்கி அவள் பார்த்ததில்லை.

பாதி நாரைகள் வயலிலும் கல்லறைக்குப் பின்னால் இருந்த பைன் மரங்களிலும் உட்கார்ந்தன. மீதிப் பாதி உயரமான இடம் தேடி, சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஊருக்கு ஏறும் மின்கம்பங்களில் போய் நின்றன. ஒவ்வொரு கம்பத்தின் குறுக்கு இரும்பிலும் நாலு, ஐந்து, ஆறு. இடம் கிடைக்காதவை ஒன்றையொன்று இடித்து நகர்த்தின. சிறகை விரித்து உதறி ஈரத்தை உலர்த்தப் பார்த்தன. ஒன்று தலையைப் பின்னால் சாய்த்து அலகைப் படபடவென்று அடித்தது. மற்றவை பதில் சொல்லின. நாணல்காடு முழுக்க மரச்சட்டங்கள் தட்டுவது போன்ற ஓசை.

"போட்டோ எடுக்கலாமா, டீச்சர்?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

ஹியாம் தலையாட்டினாள். சிரித்துக்கொண்டேதான் ஆட்டினாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

அவை நிற்பது ஊருக்குக் கரண்ட் வருகிற கம்பங்களின் மேல்.

போன வருடம் இதில் ஒரு கம்பத்தின் அடியில் ஒரு நாரை செத்துக் கிடந்ததை அவள் எடுத்திருக்கிறாள். ஒரு காலும் மார்பும் கரியாகியிருந்தன. கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே சிறகு பட்டால் முடிந்தது கதை. அதுவும் நனைந்த சிறகு. இப்போது கம்பியில் உயிர் இல்லை. அதனால்தான் இவை இவ்வளவு நிம்மதியாய் நிற்கின்றன.

பரணை விட்டு இறங்கி, யாருக்கும் கேட்காத தூரத்துக்குப் போய் ஃபாயஸுக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு ஹியாம். கவலைப்படாதேன்னு மாமாகிட்டே சொல்லு. இன்னிக்கு உங்க லைன் உறுதி. பாங்கு முடியறதுக்குள்ளே போட்டுடுவேன்."

"ஃபாயஸ், போடாதே."

"என்னது?"

அவள் சொன்னாள். நாரைகள், கம்பங்கள், ஈரம். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

அவன் மெதுவாய்க் கேட்டான். "எப்போ பறந்து போகும்?"

"காலையிலே. வெயில் ஏறினப்புறம். இருட்டிலே பறக்காது."

"ஒரு மணி நேரம்னா ஏதாவது கதை கட்டுவேன். ராத்திரி முழுக்கன்னா எப்படி? இன்னிக்கு உங்க முறை. நான் போடலேன்னா அந்தக் கரண்ட் வேற லைனுக்குப் போயிடும். அடுத்த முறை உங்களுக்கு எப்போன்னு எனக்கே தெரியாது. உங்க ஊர் மட்டுமில்லே, அந்த லைன்லே மூணு ஊர் தொங்குது. எல்லார் மோட்டாரும் அதுலேதான்."

"தெரியும்."

"மாமாவோட மெஷின்?"

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டான்.

"பொழுது சாயற வரைக்கும்னு நிஸார் சொன்னான்."

"ஹியாம், கேளு. என்னை நீ ஒண்ணும் கேட்டதில்லே இதுவரைக்கும். ஊரே கேக்கும், நீ கேட்டதில்லே. நீ இப்போ மறுபடியும் 'போடாதே'ன்னு சொன்னா நான் போடலே. லைன்லே கோளாறுன்னு எழுதிடறேன். மேலேர்ந்து வர்றதை நான் வாங்கிக்கறேன். ஆனா நீ சொல்லணும். மாமாவை நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

மழை நின்றிருந்தது. பரணிலிருந்து குழந்தைகளின் மெல்லிய சிரிப்பு கேட்டது. ஊர் மேட்டில் பெண்கள் காலிக் குடங்களையும் பிளாஸ்டிக் கேன்களையும் குழாயடியில் வரிசை வைத்துவிட்டுப் போயிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அதற்கு மேலே அவர்கள் வீட்டுக் கூரை.

"ஹலோ? ஹியாம்?"

"போடு," என்றாள். "கொஞ்சம் தாமதமாப் போடு. நான் அதுக்குள்ளே விரட்டிப் பார்க்கறேன்."

"எவ்வளவு முடியுமோ இழுக்கறேன்," என்றான் அவன்.

பரணுக்குத் திரும்பியபோது மேற்கே சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னாள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. "இன்னும் கொஞ்ச நேரத்திலே அந்தக் கம்பியிலே கரண்ட் வரப்போகுது. அதுலே உக்காந்திருக்கிறதெல்லாம் செத்துப்போயிடும். நாம எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டு விரட்டணும். கொப்பரை, தட்டு, கரண்டி, எது கிடைக்குதோ எடுத்துக்கோங்க. வயல்லேயும் மரத்திலேயும் இருக்கிறதைத் தொந்தரவு பண்ணாதீங்க. கம்பத்துக்குக் கீழே மட்டும்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காலையிலிருந்து புருவத்தை உயர்த்தியபடியே திரிந்த ஒரு வக்கீல், "கரண்டை நிறுத்தச் சொல்ல முடியாதா? யார்கிட்டே பேசணும்? நம்பர் குடுங்க, நான் பேசறேன்," என்றார்.

"பேசிட்டேன்," என்றாள் ஹியாம்.

"பேசினா என்ன சொன்னாங்க?"

"நிறுத்தறேன்னு சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

ஜூரி மட்டும் அசையாமல் நின்றாள். "நீங்கதானே சத்தம் போடக் கூடாதுன்னீங்க? விருந்தாளின்னு சொன்னீங்களே?"

"ஆமா கண்ணு, சொன்னேன்."

"அதுங்களுக்குப் பயமா இருக்காதா?"

"பயப்படணும். பயந்தாத்தான் எழுந்து போகும்."

ஜூரி அம்மாவைப் பார்த்தாள். மைஸூன் ஏற்கனவே ஒரு கொப்பரை மூடியையும் மரக்கரண்டியையும் கையில் எடுத்திருந்தாள்.

சேற்றில் கால் புதைய எல்லோரும் கம்ப வரிசைக்கு ஓடினார்கள். பாகு ஒட்டிய செம்புப் பாத்திரங்களை அடித்தார்கள். கார்களை வரப்புவரை கொண்டுவந்து ஹார்ன் அடித்தார்கள். தியாப் வாயில் இரண்டு விரலை வைத்துச் சீட்டியடித்தான். குழந்தைகள் கத்தினார்கள். சிலர் முதலில் விளையாட்டாய், பிறகு நிஜமாகவே அழுதுகொண்டு.

நாரைகள் எழுந்தன. கனத்த சிறகுகளை அடித்து அடித்து, ஒவ்வொரு கம்பமாய்க் காலியாகி, தலைக்கு மேலே வெள்ளையும் கறுப்புமாய்ச் சுழன்றன. ஹியாம் இரண்டு கையையும் தூக்கி, "போங்க! வயலுக்குப் போங்க! மரத்துக்குப் போங்க!" என்று கத்தினாள். மாணவர்களைப் பார்த்துக் கத்திய காலத்தில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை.

அவை ஒரு வட்டம் போட்டன. இரண்டாவது வட்டத்தில் தாழ்ந்தன. அன்று முழுக்கப் பறந்து வந்த பறவைகள் அவை. உடம்பில் மிச்சம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பைன் மரத்துக்குப் போய் இடமில்லாமல் திரும்பின. சத்தத்தைத் தவிர வேறெதுவும் கம்பங்களின் உச்சியை எட்டாது என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. ஒவ்வொன்றாய் அதே இரும்புகளில் வந்து இறங்கின.

மறுபடி அடித்தார்கள். இந்தத் தடவை எழுந்தவை குறைவு. மூன்றாம் முறை சில கழுத்தை மட்டும் நீட்டிக் கீழே பார்த்துவிட்டுத் தோளுக்குள் இழுத்துக்கொண்டன.

தியாப் அருகில் வந்தான். "வண்டியிலே என் பழைய துப்பாக்கி இருக்கு. ஆகாசத்துலே ரெண்டு வெடி வெடிச்சா..."

"மரத்துலே இருக்கிறதும் எழுந்து, இருட்டுலே கம்பியிலே மோதும்."

"அப்போ என்னதான் பண்றது?"

ஹியாம் மறுபடி கையைத் தூக்கிக் கத்தப் போனாள்.

அப்போது போன் அடித்தது. நிஸார்.

"சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு," என்றான். "பாபா உதடு லேசா நீலமா இருக்கு. கரண்ட் எப்போன்னு ஃபாயஸைக் கேட்டியா? எனக்கு எடுக்க மாட்டேங்கறான்."

"வந்துடும்."

"அங்கே என்ன சத்தம்? கல்யாணமா?"

"ஒண்ணுமில்லே. பாபாவைச் சாய்ஞ்சு உக்கார வை. வந்துடும்."

பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. கரண்ட் இல்லாததால் ஒலிபெருக்கி இல்லை. முஅத்தின் வெறும் தொண்டையில் சொன்னார். பாத்திரச் சத்தம் தானாகவே அடங்கியது. யாரோ ஒரு குழந்தை மட்டும் நிறுத்தத் தெரியாமல் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

பாங்கு முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஃபாயஸ் இழுத்துக்கொண்டிருக்கிறான் என்று ஹியாமுக்குத் தெரிந்தது. அந்த இழுப்பு ஒவ்வொன்றும் அப்பாவின் மூச்சிலிருந்து போகிறது என்பதும் தெரிந்தது. தன் மனம் எதை வேண்டிக்கொள்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. வரட்டும் என்றும் வேண்டினாள். வரக் கூடாது என்றும் வேண்டினாள்.

திடீரென்று ஊர்மேட்டில் ஜன்னல்கள் எல்லாம் மஞ்சளாயின. "கரண்ட் வந்துருச்சு!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

கம்பங்களில் நாரைகள் அப்படியே நின்றன. ஒன்றும் ஆகவில்லை. ஒரு கணம், இரண்டு கணம். மைஸூன் ஹியாமின் தோளைப் பிடித்து, "ஒண்ணும் ஆகலையே... பாருங்க, ஒண்ணும்..." என்றாள்.

மூன்றாவது கம்பத்தில் ஒரு நாரை இடம் போதாமல் பக்கத்து நாரையை இடித்தது. அது தடுமாறிச் சிறகை விரித்தது.

நீல வெளிச்சம். சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். இரண்டு பறவைகள் கல்லாய் விழுந்தன. மற்றவை வெருண்டு ஒரே நேரத்தில் சிறகை விரித்தன. அதுதான் வினையாகிவிட்டது. அந்தக் கம்பத்திலும் அடுத்ததிலும் அதற்கு அடுத்ததிலும் நீலம் வெட்டியது. ஊரில் விளக்குகள் இமைத்து அணைந்தன. மோட்டார் முனகி நின்றது.

"கண்ணை மூடிக்கோ! ஜூரி, கண்ணை மூடு!" என்று மைஸூன் மகளின் முகத்தைத் தன் வயிற்றில் அமுக்கிக்கொண்டாள்.

ஹியாம் ஃபாயஸுக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. லைன் தானாய் அணைந்தால் மறுபடி போட்டுப் பார்ப்பது மின்நிலையத்து வழக்கம். ஒரு கிளை உரசியிருக்கலாம், காற்றாயிருக்கலாம், இன்னொரு தடவை போட்டால் கரண்ட் நிலைத்துவிடும் என்று. அவன் இப்போது சுவிட்சுக்கு முன்னால் நிற்கிறான். போன் வேறெங்கோ மேசையில் கிடந்து அடிக்கிறது.

"எடு," என்று போனிடம் கெஞ்சினாள். "எடுடா ஃபாயஸ், எடு."

ஊர் மறுபடி வெளிச்சமானது. மறுபடி "வந்துருச்சு!" மறுபடி நீலம். மறுபடி இருட்டு. மூன்றாவது முறை போட்டபோது வெளிச்சம் வரவேயில்லை. தூரத்தில், ஊர் எல்லையில் எதுவோ பொட்டென்று வெடித்தது. அதோடு சரி.

எழ முடிந்த நாரைகள் எழுந்து வயல்களில் சிதறின. எழ முடியாதவை கம்பங்களின் அடியில் கிடந்தன. சிலவற்றுக்கு உயிர் இருந்தது. அலகை மெல்லத் திறந்து மூடின. எரிந்த இறகின் நாற்றம் பாகு வாசனையோடு கலந்து வந்தது.

அந்த வக்கீல் தன் இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார். "இதைக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா? முன்னாடியே தெரியுமில்லே உங்களுக்கு? நிறுத்தறேன்னு சொன்னவனை வேண்டாம்னீங்களே!"

"ஆமா," என்றாள் ஹியாம். அவர் திட்டட்டும் என்று நின்றாள். திட்டித் தீர்த்தாலாவது ஏதோ ஒன்று தீரும் என்றிருந்தது. ஆனால் அவர் குரல் உடைந்து, பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

நிஸாரின் போன் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம்.

"பாபாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். முன் சீட்டுலே வெச்சுருக்கேன். நம்ம லைன்லே ஏதோ வெடிச்சுருச்சாம். உன் பறவைங்கதானாமே? ஊரே பேசுது." அவன் கோபப்பட முயன்றான். முடியவில்லை. "நீ வர்றியா?"

"இங்கே குழந்தைங்க இருக்காங்க. கார்ல ஏத்தி அனுப்பிட்டு வர்றேன்."

"சீக்கிரம் வா," என்றான். அவ்வளவுதான்.

அவள் குடும்பங்களை ஒவ்வொன்றாய் வண்டி ஏற்றினாள். யாரும் நன்றி சொல்லவில்லை. சிலர் கையை அழுத்தினார்கள். மைஸூன் ஒரு அட்டைப்பெட்டியில் உயிருள்ள நாரை ஒன்றைத் தன் சால்வையால் சுற்றி வைத்திருந்தாள். அதன் ஒரு கால் கரியாகித் தொங்கியது.

"எனக்குத் தெரிஞ்ச மிருக டாக்டர் இருக்கார் பெய்ரூத்திலே. கொண்டுபோய்ப் பார்க்கறேன்," என்றாள்.

அது விடியும்வரை தாங்காது என்று ஹியாமுக்குத் தெரியும். "கொண்டுபோங்க," என்றாள்.

பின் சீட்டில் ஜூரி பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க ஓயாமல் கேள்வி கேட்டவள் இப்போது ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தாழ்வாரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். முகமூடி போட்டிருந்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. நிஸார் சுவரில் சாய்ந்து நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஹியாமின் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை அப்பா பார்த்தார்.

"கொக்கு வந்துச்சா?" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

"வந்துச்சு பாபா."

"நெறைய?"

"நெறைய."

"கரண்ட்?"

"அதுவும் வந்துச்சு."

"இன்னிக்கு உனக்கு நல்ல நாள்," என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் வெயில் ஏறியபோது வயல்களிலும் பைன் மரங்களிலும் தங்கியவை ஒவ்வொன்றாய் எழுந்து, சூடான காற்றைப் பிடித்து, சுழன்று சுழன்று சின்னப் புள்ளிகளாகித் தெற்கே போயின. ஹியாமும் தியாப்பும் கம்பங்களின் கீழே கிடந்தவற்றைச் சாக்கில் சேர்த்தார்கள். தியாப் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கும்போது கழுத்து தொங்காதபடி உள்ளங்கையால் தாங்கித் தூக்கினான்.

ஊர் மேட்டில் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "சரணாலயமாம் சரணாலயம்! எங்க வாயிலே விழவிருந்த தண்ணியைத் தட்டிவிட்டுச்சுங்க!" என்று உரக்கச் சொன்னாள். இன்னொருத்தி அவள் முழங்கையைக் கிள்ளி, "பாவம், அவ அப்பாவே ஆஸ்பத்திரியிலே," என்றாள். இரண்டும் ஹியாமின் காதில் விழுந்தன.

ஃபாயஸ் ரிப்பேர் வண்டியோடு தானே ஏறி வந்தான். ஏணிக்காரன் கம்பத்தில் ஏறிக் கருகிய கம்பியை வெட்டிக்கொண்டிருந்தபோது அவளருகில் வந்து நின்றான். சாக்குகளைப் பார்த்தான்.

"போன் மேசையிலே இருந்துச்சு," என்றான். "மூணு தடவை போட்டேன், ஹியாம். மூணு தடவையும் என் கையாலே."

"தெரியும்."

"முதல் தடவையோட விட்டிருந்தா..."

"பாபாவுக்கு ஆக்சிஜன் வேணும்னுதான் நீ போட்டே," என்றாள். "நான்தான் போடச் சொன்னேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இந்த இரும்புலே ரப்பர் உறை போடலாமாம். மத்த நாட்டிலே போடறாங்களாம். மேலே கேட்டுப் பார்க்கறேன்."

"குடுப்பாங்களா?"

"கம்பியே குடுக்க மாட்டேங்கறாங்க," என்றான். "இதைப் பக்கத்து ஊர் லைன்லேர்ந்து வெட்டிக்கிட்டு வந்தேன்." சொல்லிவிட்டு இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக இருவருக்கும் வெட்கமாயிருந்தது.

மத்தியானம் தாண்டி வேலை முடிந்தது. நேற்று கெட்டுப்போன முறைக்கு ஈடாக அன்று மாலையும் மஃரிபுக்குப் பிறகு போடுவதாகச் சொல்லிவிட்டு ஃபாயஸ் வண்டியில் ஏறினான். ஹியாம் அடுத்த சனிக்கிழமைக்குப் பேர் கொடுத்தவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி பரணின் படியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் தியாப் கூப்பிட்டான். விரலை நீட்டாமல், தலையை மட்டும் வடக்கே அசைத்தான்.

மலை முகட்டின் மேலே இன்னொரு கூட்டம். நேற்றையதைவிடப் பெரியது.

அவள் எழுந்து நின்றாள். ஃபாயஸின் வண்டி இன்னும் வளைவு தாண்டவில்லை. கத்தினால் கேட்கும். கத்தி என்ன சொல்வது? கையில் போனைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கூட்டம் சதுப்பின் மேலே வந்து ஒரு வட்டம் போட்டது. தாழ்ந்தது. நீரைப் பார்க்கிறது என்று தெரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அவள் உதடு முணுமுணுத்தது.

வெயில் நன்றாய்க் காய்ந்தது. மலைச்சரிவிலிருந்து சூடான காற்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போன நாரை அதில் சிறகைச் சாய்த்தது. மற்றவையும் சாய்த்தன. சிறகடிக்காமல் உயர்ந்தன. ஊரைத் தாண்டி, கம்பங்களைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டே இருந்தன.

"தப்பிச்சது," என்றான் தியாப், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

ஹியாம் தலையாட்டினாள். அதற்கும் அவள் ஒன்றும் செய்திருக்கவில்லை. கடைசிப் பறவை கண்ணுக்கு மறைந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோக நேரமாகிவிட்டது என்று நினைவு வந்து மேட்டில் ஏறத் தொடங்கினாள்.